தூபா தெளித்த பயறு

பயற்று வண்டை மனிதகுலம் வென்றுவிட்டது. வென்ற இடம் கிள்ளான். வென்றவன் கிஃபாயத்துல்லா. பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் தங்கள் களஞ்சியங்களில் செய்ய முடியாததை, ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தையும் இரண்டு சிரட்டைச் சாற்றையும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகச் செய்து முடித்ததாக, போன மாதம் வீட்டாரை வரிசையாகப் பாயில் உட்காரவைத்து அவன் அறிவித்திருந்தான். அறிவிக்கும்போது சிரிக்கவில்லை. யாரையும் சிரிக்க விடவும் இல்லை.

வென்றவன் இப்போது தன் வாப்பாவின் தாடையைக் கிழிந்த கைலித் துண்டால் கட்டிக்கொண்டிருந்தான்.

முடிச்சு நிற்கவில்லை. இழுத்துக் கட்டினால் துணி நழுவிக் காதுக்குப் பின்னால் போனது. வாய் மறுபடி மெல்லத் திறந்தது, ஏதோ சொல்ல வந்து மறந்தவர் போல.

"உச்சந்தலையில முடிச்சு போடுடா" என்றார் மாமா சலாவுதீன். "மய்யித்து விறைக்கிறதுக்குள்ள கட்டணும். நீ என்ன, கல்யாணத்துக்குத் தலைப்பா கட்டுற மாதிரி கட்டுறே."

கிஃபாயத்துல்லா உச்சியில் முடிந்தான். விரல்கள் நடுங்கின. துக்கத்தில் நடுங்குகிறான் என்று மாமா நினைத்துத் தோளில் தட்டினார். துக்கம் இன்னும் வந்து சேரவில்லை. வந்திருந்தது பயம் மட்டும்தான்.

வாப்பா உமர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில், பழைய சாக்கு போர்த்தி, அந்தத் தகரம் இருந்தது. உள்ளே பாசிப்பயறு. ஸ்டேஷன் பக்கத்தில் அவர் வைத்திருந்த மளிகைக் கடையை ஜப்பான்காரன் வந்த முதல் வருஷமே மூட வேண்டியதாகிவிட்டது. கடையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான். பயறு பதுக்கிய ஆளை என்ன செய்வார்கள் என்பதை ஊரே பார்த்திருந்தது. அதனால் தகரத்தைப் பற்றி வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அதற்குள் வண்டு விழுந்தபோதுகூட உம்மா முத்து பீவி சத்தம் போடாமல்தான் அழுதாள்.

அங்கேதான் கிஃபாயத்துல்லா வந்தான். சண்டைக்கு முன்னால் ஒரு வருஷம் விவசாயம் படித்தவன். அந்த ஒரு வருஷமும் மண்ணைப் பற்றித்தான் நடத்தினார்கள். பூச்சி இரண்டாம் வருஷத்துப் பாடம். அதனால் என்ன? எலுமிச்சை மணக்கும் செரைப் புல்லையும் நொச்சி இலையையும் இடித்துப் பிழிந்து பயற்றில் தெளித்தான். பயறு மணத்தது. வண்டுகளுக்கும் அந்த மணம் பிடித்திருந்தது போல. இன்னும் கொஞ்சம் பெருகின. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். தங்கை லத்தீஃபா மட்டும், "அண்ணே, உன் வண்டெல்லாம் அத்தர் பூசிக்கிட்டு சுத்துதுலா" என்றாள்.

மறுநாளே பண்டமாரானுக்கு நடந்தான். அங்கே ஆற்றில் மீன் பிடிக்கும் மலாய்க்காரர் ஒருவரிடம், தன் நல்ல சட்டையைக் கொடுத்து ஒரு கட்டு தூபா வேர் வாங்கினான். அந்த வேரை நசுக்கி ஆற்றில் கலக்கினால் பால் போல வெளுக்கும். மீன் மயங்கி மல்லாந்து மிதக்கும். "மனுஷன் குடிக்கிற தண்ணியில போட்டுடாதே" என்று சைகையோடு சொல்லிக் கொடுத்தார் அவர், தொண்டையைப் பிடித்து, கண்ணை மேலே செருகி. கிஃபாயத்துல்லா தலையாட்டினான். மீனுக்கு விஷம், மனிதன் மீன் அல்ல. அவனுடைய விஞ்ஞானம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

பயற்றை அந்தப் பாலில் பிரட்டி, வெயிலில் காயவைத்து, தகரத்தை மெழுகால் அடைத்தான். வீட்டாரிடம் செரைப் புல்தான், இந்த முறை கெட்டியாகப் பிழிந்தேன் என்றான். ஒரு மாதத்துக்கு யாரும் திறக்கக் கூடாது, சோதனை கெட்டுவிடும் என்று உத்தரவு போட்டான்.

அந்த மாதத்தில்தான் வாப்பாவின் கால்கள் வீங்கின.

வெளியே செருப்புச் சத்தம். அடுத்த தெருவில் இருக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் சீவரத்தினம், குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். பக்கத்துச் சாவு எதற்கும் பிந்த மாட்டார். வாப்பாவின் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"பெரிபெரி" என்றார். "சத்துக் குறைஞ்சு வாற வீக்கம். நெஞ்சுக்கு ஏறியிட்டுது. தம்பி, கொப்பருக்குப் பயறு குடுக்கச் சொன்னனான் எல்லோ?"

"கொடுத்தோம், டிரெசர்."

"எப்ப துவங்கினனீங்கள்?"

"நேத்து."

சீவரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நேற்றோ? நான் சொல்லி எவ்வளவு காலம். ஏன், கிடைக்கேல்லையோ?"

அவருடைய வலது காலின் பெருவிரல் சாக்குத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கிடைக்கல" என்றான் கிஃபாயத்துல்லா.

"ம்ம். ஆர்தான் என்ன செய்யிறது, இந்தக் காலத்தில."

அவர் குடையை எடுக்கப் போனபோது கிஃபாயத்துல்லா பின்னாலேயே போனான். வாசலில் வைத்து, "டிரெசர், ஒரு சந்தேகம். என் கூட்டாளி ஒருத்தன்..." என்றான்.

"சொல்லும்."

"தூபா பட்ட சாமான் ஒண்ணைத் தின்னுட்டான். வேர் இல்ல, அந்தப் பால் பட்டுக் காஞ்சது. கழுவி வேகவச்சுத்தான் தின்னான். ஆபத்து ஏதாவது..."

"சத்தி எடுத்தவனோ?"

"என்னது?"

"வாந்தி, வாந்தி. எடுத்தவனோ?"

"தெரியல."

"அப்ப அவனைப் போய்க் கேளும்." சீவரத்தினம் குடையை விரித்தார். "சத்தி எடுத்திருந்தால் யோசிக்கவேணும். இல்லையெண்டாலும்... எனக்கு வடிவாத் தெரியாது தம்பி. நான் டிரெசர். மீன் பாக்கிற டொக்டர் இல்லை. கொப்பரைக் குளிப்பாட்டிற நேரத்தில உமக்கு உதென்ன கேள்வி?"

அவனைப் போய்க் கேட்கச் சொன்னார். அந்தக் கூட்டாளி தாடை கட்டப்பட்டுக் கட்டிலில் கிடந்தான்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தகரத்தைத் திறந்தார்கள். ஒரு வண்டுகூட இல்லை. கிஃபாயத்துல்லா உள்ளங்கையில் பயற்றை அள்ளி ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டினான். வாப்பா ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, கழுவி, வேகவைக்கச் சொன்னார். வெந்ததும் முழுவதையும் தானே தின்றார்.

அது அவருடைய வழக்கம். சண்டை தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வந்த காட்டுக் கிழங்கு, பெயர் தெரியாத கீரை, கசப்பு மரவள்ளி எதுவானாலும் முதல் வாய் அவருடையதுதான். தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். பசியோடு பிள்ளைகள் சட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்களுக்கு. கிஃபாயத்துல்லா அவருக்கு அரண்மனைச் சமையல் மந்திரி என்று பட்டம் கொடுத்திருந்தான். "நம்ம மரவள்ளிக்கு எந்த எதிரி நாட்டு ராஜா விஷம் வைக்கப் போறான் வாப்பா? பசிக்குது, தள்ளுங்க" என்பான். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, தன்னைத் தானே நாடி பிடித்துப் பார்க்கும் அவருடைய பாவனையை நடித்துக் காட்டுவான். உம்மாகூடச் சிரித்துவிடுவாள்.

நேற்று வாப்பா சொன்னார், "மத்தவங்க காலையில தின்னலாம். இது மருந்து போட்டது. ராத்திரி ஒண்ணு போகட்டும்."

ஒரு மாதத்து வெற்றிக்கு இதுதானா மரியாதை? கிஃபாயத்துல்லாவுக்குச் சுருக்கென்றது. பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கட்டுக்குப் படுக்கப் போனான். போகும்போது திரும்பிச் சொன்னான்:

"தின்னுட்டு செத்துகித்து வச்சுடாதீங்க. என் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துடும்."

வாப்பா சிரித்தார். அவன் வாப்பாவிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். விடியற்காலை சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் உம்மா வந்து உலுக்கினாள்.

பின்கட்டில் பலகை போட்டு மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். மாமா தண்ணீர் ஊற்ற, கிஃபாயத்துல்லா தேய்த்தான். மகன் செய்ய வேண்டிய காரியத்தை அவன் மிகவும் கவனமாகச் செய்வதாக உடன் நின்றவர்கள் நினைத்தார்கள். அவன் நகங்களைப் பார்த்தான். உதட்டின் உட்புறத்தைப் பார்த்தான். விஷம் தின்றவன் எப்படி இருப்பான் என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே பார்த்த எல்லாமே விஷம் தின்ற மாதிரி இருந்தது. பிறகு காலுக்கு வந்தான். கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினான். பள்ளம் விழுந்தது. மேலே அழுத்தினான். அங்கேயும் ஆழமாக விழுந்தது. ஒரு கணம் அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தகப்பனின் வீங்கிய காலைப் பார்த்து இத்தனை ஆறுதல் அடைந்த மகன் கிள்ளானில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

அந்த வீக்கத்துக்கு மருந்து, ஒரு மாதம் மெழுகு போட்டு அடைத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்பது அடுத்த செம்புத் தண்ணீர் விழும்போதுதான் உறைத்தது. பயறு கொன்றிருந்தால் அவன் கொன்றவன். பயறு கொல்லவில்லை என்றால், அப்போதும்...

"டேய், அழுத்தித் தேய்க்காதே. மய்யித்துக்கும் வலிக்கும்" என்றார் மாமா.

மய்யித்தைச் சுற்றும் கபனுக்கு ஊரில் வெள்ளைத் துணியே இல்லை. உம்மா தன் இரண்டு வெள்ளைத் துப்பட்டிகளில் நல்லதைக் கதவிடுக்கில் நீட்டினாள். வாங்கும்போது அவன் கேட்டான்.

"உம்மா, ராத்திரி வாப்பா வாந்தி எடுத்தாங்களா?"

உம்மா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி கேட்டாங்க. கொடுத்தேன். கொஞ்சம் துப்புனாங்க."

"துப்புனாங்களா, வாந்தியா?"

"மூச்சு முட்டுறப்ப தண்ணி உள்ள போகுமா? ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற கேள்வியா இது?" என்றாள் உம்மா. கதவை உடனே மூடவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் மையவாடி. கபுருக்குள் இறங்கி வாப்பாவை வலப்பக்கம் சாய்த்து வைத்தவன் கிஃபாயத்துல்லாதான். முகத்துணியைத் தளர்த்தும்போது கை தானாக மூக்கருகே போய் நின்றது. மேலிருந்து மாமா, "ஏறி வாடா, மண்ணு தள்ளணும்" என்றார். ஏறி வந்தான். மூன்று பிடி மண் போட்டான். எல்லாரும் துஆவுக்குக் கையேந்தியபோது, நல்லவேளை, எல்லாம் மண்ணுக்குக் கீழே போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே பயந்தான்.

திரும்பி வரும் வழியில்தான் மாமா சொன்னார். மெல்ல, அக்கம்பக்கம் பார்த்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"இன்னைக்குப் பயத்தங்கஞ்சிடா."

கிஃபாயத்துல்லா நின்றுவிட்டான். "என்ன கஞ்சி?"

"மய்யித்து வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, பக்கத்து வீட்டுலேர்ந்துதான் சோறு வரணும். பக்கத்து வீட்டு வள்ளியம்மாகிட்ட என்ன இருக்கு? அதுவே மரவள்ளித் தோலைத் தின்னுட்டு இருக்கு. உங்க உம்மா என்ன செஞ்சுச்சு, தகரத்தைத் துணியில சுத்தி வேலிக்கு மேலால வள்ளியம்மாகிட்டக் கொடுத்துடுச்சு. அது அங்க கஞ்சி காச்சி நம்ம வீட்டுக்குக் கொடுத்துவிடும். வழக்கத்துக்கு வழக்கமும் ஆச்சு, நம்ம சாமான் நம்ம வயித்துக்கே வந்த மாதிரியும் ஆச்சு. எப்படி மூளை?"

"எப்பக் கொடுத்தாங்க?"

"மய்யித்தை வச்சு சந்தூக்கைத் தூக்குனப்பவே. இந்நேரம் வெந்துருக்கும். டேய்! எங்கடா ஓடுற? டேய்!"

மையவாடியிலிருந்து வீட்டுக்கு ஓடுகிற மகனை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. பாலத்து முனையில் நின்ற ஜப்பான் சிப்பாயும் கண்டதில்லை. ஓடிய வேகத்தில் கிஃபாயத்துல்லா குனிந்து வணங்க மறந்தான்.

ஒரு கத்தல். திரும்பியதும் கன்னத்தில் ஓர் அறை. தொப்பி ஆற்றோரம் உருண்டது. சிப்பாய் பாலத்தடியில் கிடந்த ஒரு கல்லைக் காட்டி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னான். கிஃபாயத்துல்லா தூக்கினான்.

மாமாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். வரிசையாக இடுப்பை ஒடித்துக் குனிந்தார்கள். சலாவுதீன் மாமா எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தார்; அவருடைய தாடி கிட்டத்தட்ட முழங்காலைத் தொட்டது. குனிந்தபடியே, உதடு அசையாமல், "நிக்கச் சொன்னா நின்னுட்டு வா. எதுத்துப் பேசாதே. நாங்க முன்னால போறோம்" என்றார்.

"மாமா, அந்தக் கஞ்சிய..."

இன்னொரு அறை. கல் சரிந்து மறுபடி நிமிர்ந்தது. மாமாவின் கூட்டம் தலையைத் தூக்காமல் பாலத்தைக் கடந்தது. சாவு வீட்டுக்குத் திரும்புகிற ஆட்களுக்கு இருக்க வேண்டிய மெதுவான நடைதான். ஆனால் கஞ்சி காத்திருந்தபடியால் அவ்வளவு மெதுவும் இல்லை.

கை மரத்தது. தோள் எரிந்தது. சிப்பாய் இப்போது துப்பாக்கிக் கத்தியால் குத்திவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தான். அதற்குள் அங்கே பாய் விரித்திருப்பார்கள். உம்மா முதலில் லத்தீஃபாவுக்குத்தான் ஊற்றுவாள். பிறகு மாமா, இரண்டு தடவை. வள்ளியம்மா உப்பு பார்த்திருப்பாள். அவள் புருஷன் துறைமுகத்திலிருந்து வந்தால் அவனுக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைத்திருப்பாள்.

ஒரு மாட்டு வண்டி வந்தது. சிப்பாய் வண்டியின் சாக்குகளைக் குத்திப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது இவன் அங்கே எதற்கு நிற்கிறான் என்பதே அவனுக்கு மறந்துபோனது போல இருந்தது. காலால் ஒரு உதை விட்டு, போ என்று கையை வீசினான். கிஃபாயத்துல்லா கல்லை இறக்கி வைத்து, நன்றாகக் குனிந்து வணங்கினான். ஓடக் கூடாது. ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தான். தெரு திரும்பியதும் ஓடினான்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை.

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வள்ளியம்மாவின் மண்சட்டி. மூடியின் இடுக்கில் ஆவி. கூடம் முழுக்கப் பயறு வெந்த வாசனை. கிள்ளானில் பலர் மறந்துபோன வாசனை. கிண்ணங்கள் காலியாக, சுத்தமாக, வரிசையாக இருந்தன. மாமாவின் கையில் அகப்பை.

"வந்துட்டியா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமா. "மகன் வராம எவனும் கை வைக்கக் கூடாதுன்னு உங்க உம்மா ஒத்தக் காலுல நிக்குது. சட்டியப் பாத்துப் பாத்து என் கண்ணு அவிஞ்சு போச்சு."

"யாரும் தின்னலயே?"

"யாருடா தின்னது?"

"வள்ளியம்மாக்கா, நீங்க? உப்பு?"

வாசல் கதவோரம் நின்ற வள்ளியம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஐயோ தம்பி, உங்க வீட்டுச் சாமான். நான் உப்புக்கூடப் பாக்கல. அளவா போட்டேன், அவ்வளவுதான். கூடக் குறைய இருந்தா மன்னிச்சுக்கங்க."

சட்டி அவன் காலுக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தது. தடுக்கி விழுந்தால் போதும். சாவு வீட்டில் மகன் மயங்கி விழுவது புதிதல்ல. எல்லாரும் கஞ்சியை விட்டுவிட்டு அவனைத்தான் தூக்குவார்கள். முழங்காலைத் தளர்த்தியும் விட்டான்.

அப்போது லத்தீஃபா அவனுக்கு இடம் விடுவதற்காகக் காலை மடக்கி நகர்ந்தாள். அவள் கணுக்கால் அதுவரை பாயில் அழுந்திக் கிடந்தது. பாயின் பின்னல் அப்படியே தோலில் பதிந்திருந்தது, கட்டம் கட்டமாக. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். வாப்பாவின் காலில் விழுந்த பள்ளம் போல, அது மறையவில்லை.

கிஃபாயத்துல்லா உட்கார்ந்தான். மாமாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கி, ஒரே ஒரு கிண்ணத்தில் ஊற்றினான். விளிம்பு வரை.

"பாரு, பெரிய மனுஷனுக்கு முந்தி..." என்று தொடங்கிய மாமா, உம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சூடு நாக்கைப் பொசுக்கியது. பயறு பயறாகத்தான் இருந்தது. அடியில் லேசாக ஏதோ ஒரு கசப்பு. அல்லது அவன் வாயே கசந்தது. நிறுத்தாமல் குடித்தான். கிண்ணத்தை வழித்து நக்கினான். பிறகு சட்டியின் மூடியைப் போட்டுவிட்டு, சுவரோரம் நகர்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"என்னடா இது?" என்றார் மாமா. "உனக்கு மட்டும்தான் பசியா?"

உம்மா எழுந்து வந்து, மற்றக் கிண்ணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அவனைப் பார்த்துக் கேட்கவில்லை.

"பொழுது சாஞ்சு மஃரிபு தாண்டட்டும் உம்மா."

வள்ளியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் வயிறு ஒருமுறை பெரிதாக இரைந்தது. அவர் இருமி அதை மறைத்தார். வெயில் கூடத்துத் தரையில் கட்டிலின் நான்கு கால்கள் இருந்த இடத்தைத் தாண்டி நகர்ந்தது.

எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அவனுடைய காலிக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒட்டியிருந்த கஞ்சியில் வாயை வைத்தது. லத்தீஃபா விரட்டக் கையை ஓங்கினாள்.

"வேணாம்" என்றான் கிஃபாயத்துல்லா. "இருக்கட்டும்."

அவன் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.